முப்புள்ளிக் கடை வண்டி

கடையை விட்டு எந்தச் சாமான் வெளியே போனாலும் அதன் முதுகில் மூன்று குத்து விழும். கூர்முனைப் பஞ்ச் ஆணியை வைத்துச் சின்னச் சுத்தியலால் டிக், டிக், டிக். ஆய்த எழுத்தைப் போல மேலே ஒரு புள்ளி, கீழே இரண்டு. அழகுக்காக அல்ல. இன்றைக்குப் புது கிளட்ச் பிளேட் வாங்கிப் போய், நாளைக்கு வீட்டு மூலையில் கிடந்த தேய்ந்த பிளேட்டைத் துடைத்து எடுத்துவந்து, "நேத்துதான் வாங்கினேன், அதுக்குள்ள பல்லிளிச்சிடுச்சு" என்று மூக்கைச் சிந்துகிற புண்ணியவான்கள் எல்லாத் தெருவிலும் உண்டு. அவர்களோடு வாதாடித் தொண்டையைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. சாமானைத் திருப்பிப் பார்த்தால் போதும். புள்ளி இருந்தால் நம் சரக்கு. இல்லாவிட்டால் அழுகையை அடுத்த கடையில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அதனால் அது முப்புள்ளிக் கடை, அவள் முப்புள்ளிக்காரி. பழைய மோட்டார் சைக்கிள்களுக்கு உதிரிபாகம் விற்கிற அந்தத் தெருவில் மற்றக் கடைக்காரர்களுக்கு ஊர் வைத்திருந்த பெயர்களைக் கேட்டால், இது பட்டம் சூட்டியதற்குச் சமம்.

கடைக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. சாமான் வாங்க வருபவர் பழையதைக் கையில் கொண்டுவர வேண்டும். "அதாங்க, இப்படி வளைஞ்சு, நடுவுல ஒரு ஓட்டை இருக்குமே" என்று காற்றில் படம் வரைந்தால் ஒன்றும் கிடைக்காது. பழையதை மேசைமேல் வைப்பார்கள், அவள் பரணிலிருந்து அதற்குச் சோடியானதை எடுத்து அருகே வைப்பாள், அளவு ஒத்துப்போனால் புதுசு அவர்களோடு போகும். பழசு மேசைமேலேயே கிடக்கும். துருவைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போக யாருக்கும் மனம் வராது.

இந்த இரண்டு வழக்கத்தையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவளுடைய அண்ணன் வைத்துக்கொள்ளவில்லை.

அப்பா போனபிறகு பாகப்பிரிவினை ஒரே காலையில் முடிந்தது. அப்பாவின் ஒற்றைச் சிலிண்டர் முந்நூற்றைம்பது சி.சி. மோட்டார் சைக்கிள், ஒரு லாரியின் பின்பக்கத்தோடு பலப்பரீட்சை செய்து, கழுத்து கோணி, ஷெட்டில் சாய்ந்து கிடந்தது. "வண்டின்னா ஆம்பளப் பிள்ளைக்குத்தானே" என்றார் அண்ணன். வங்கி மேலாளர், மூன்று வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிப் பழகியவர். கடையும் அதில் இருந்த அடைசலும் தங்கைக்கு. "உனக்குத்தான் வாய் இருக்கு, உனக்குத்தான் கடை சரி" என்று ஐஸ் வேறு வைத்தார். வாய் இருப்பவள் அன்றைக்கு அதை மூடிக்கொண்டிருந்தாள்.

அண்ணன் வண்டியை "மீட்க" ஆரம்பித்தார். அது அவர் வார்த்தை. வீட்டுக்குப் பின்னால் ஒரு பட்டறை போட்டார். சுவரில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் நிழல் வரைந்து வைத்திருந்தார். ஸ்பேனரைவிட நிழலைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரம்தான் அதிகம். சனிக்கிழமைதோறும் கையில் ஒரு பழைய சாமானோடு கடைக்கு வருவார்.

"இதுக்கு ஒண்ணு குடு."

"இது இன்னும் நல்லாத்தானே இருக்கு. தேச்சு எடுத்தா ஓடும்."

"தேச்சதெல்லாம் எனக்கு வேணாம். பெட்டி பிரிக்காத சரக்கா குடு."

கிளட்ச் பிளேட், பிரேக் ஷூ, சக்கர ஹப், கியர்பாக்ஸ் மூடி, விரிசல் விட்ட என்ஜின் கூடு என்று நான்கு வருடம். கடைசியாக ஒரு சனிக்கிழமை, கழுத்து கோணிய சேஸிஸையே வேனில் ஏற்றிக் கொண்டுவந்தார். பரணில் அப்பா காலத்துச் சேஸிஸ் ஒன்று எண்ணெய்க் காகிதம் சுற்றியபடி எண் எதுவும் குத்தாமல் படுத்திருந்தது. அவள் அதன் கழுத்துக்கு அடியில் மூன்று புள்ளி வைத்துக் கொடுத்தாள். அண்ணன் அதை வீட்டுக்குக் கொண்டுபோய், அப்பா வண்டியின் எண்ணைத் தானே அதில் குத்தினார். புது என்ஜின் கூட்டிலும் குத்தினார். பழையதில் இருந்த எண்ணை அழிக்க வேண்டும் என்று தோன்றவில்லை. மேசைமேல் விட்டது மேசையோடு போச்சு என்று அவருக்கு நினைப்பு.

இப்போது அந்த வண்டி அவர் வீட்டுக் கூடத்தில் கம்பளத்தின்மேல் நிற்கிறது. அப்பாவின் டேங்க் ஒன்றுதான் பழசு. அதன் நெளிவையும் தட்டி நிமிர்த்திக் கண்ணாடியாக்கிவிட்டார். அவர் பழைய வாகனச் சங்கத்தின் செயலாளராகிவிட்டார். வண்டியின் முன்னால் ஒரு அட்டை: அசல். எண் மாறாதது.

மேசைமேல் கிடந்தவற்றை அவள் என்ன செய்தாள்? முதலில் ஒரு மூலையில் போட்டாள். மூலை நிறைந்தபோது எடை போட்டு விற்கத்தான் நினைத்தாள். எடைக்காரர் வந்து சேஸிஸை ஒரு புரட்டுப் புரட்டி, "இதுக்கெல்லாம் விலையே கிடையாதும்மா" என்றார். ஒரு பொருளுக்கு விலையே கிடையாது என்று யாராவது சொன்னால், பேரம் பேசுகிற வீட்டில் பிறந்தவளுக்கு உடனே அதன்மேல் ஒரு பிடிவாதம் வந்துவிடும். எடைக்காரரை அனுப்பிவிட்டு எதிரிலிருந்த லேத்துக்காரரைக் கூப்பிட்டாள்.

லேத்துக்காரர் அவளைவிட ஆறு வயது மூத்தவர். ஆனாலும் வேலை கொடுக்கிற எல்லாரும் அவருக்கு அக்கா, அண்ணன்தான்.

"கழுத்த நிமிர்த்திடலாம்க்கா. கூட்டுல விரிசல அடைச்சிடலாம். ஆனா எதுக்கு? இதுல ஒரு கதவு கூட செய்ய முடியாதே."

"வண்டி செய்யப்போறேன்."

அவர் சிரித்தார். பிறகு அவள் சிரிக்காததைக் கவனித்துத் தானும் நிறுத்திக்கொண்டார்.

மூன்று வருடம். சேஸிஸும் என்ஜின் கூடும் அப்பா வண்டியின் மிச்சம். முன் ஃபோர்க், ரொட்டி விநியோகித்த ஒரு வண்டியுடையது. டேங்க், கிணற்றடியில் தண்ணீர் பிடித்துவைக்க உதவிக்கொண்டிருந்தது. ஹெட்லைட்டை ஒரு பள்ளிக்கூடத்து ஆய்வுக்கூடத்தில் கண்டெடுத்தாள். மொத்தம் பதினோரு வண்டிகளின் கூட்டுக் குடும்பம். கியர்பாக்ஸும் கிளட்சும் முதல் ஆறு மாதம் மாமியார் மருமகளாக முறைத்துக்கொண்டன. கார்புரேட்டர் வேறு நிறுவனத்து ஆள்; வந்த இடத்தில் ஒத்துப்போக மறுத்தது. அதற்காக அவளே உட்கார்ந்து ஒரு இணைப்புத் தகடு அறுத்தாள், அறுத்தது கோணல், மறுபடி அறுத்தாள், நான்காவது தகடு பொருந்தியது. ஒரு மாலை வண்டி இருமி, தும்மி, பிறகு நிதானமாகத் துடிக்க ஆரம்பித்தபோது லேத்துக்காரர் ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார்.

வண்டி தயார். நம்பர் பலகைதான் இல்லை. அது கிடைக்காதவரை தெருக்கோடிவரைகூட ஓட்டமுடியாது.

வெள்ளிக்கிழமை மதியம், கடையில் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து அண்ணன் வந்தார். கையில் பழைய சாமான் எதுவுமில்லை. வெறுங்கையோடு வருகிறவர் ஒன்று பேரம் பேச வருவார், இல்லை உபதேசம் பண்ண வருவார். அண்ணன் இரண்டையும் ஒரே நடையில் முடிக்கிற ஆள்.

"ஞாயித்துக்கிழமை வண்டிப் பதிவு ஆய்வாளர் சங்கத்துக்கு வராரு. நீ உன் அந்த... அதைக் கொண்டுவரப் போறியாமே."

"வண்டின்னே சொல்லலாம்ணே. வாய் வெந்துடாது."

"வண்டின்னா ஒரு தொழிற்சாலைல, ஒரு நாள்ல பொறந்திருக்கணும். உன்னோடது பதினோரு எடத்துல பொறந்திருக்கு."

"நல்லதுதானே. வருஷத்துக்குப் பதினோரு பொறந்தநாள்."

"விளையாடாத. சங்கம் மீட்ட வண்டிக்குத்தான் சிபாரிசு எழுதும். கட்டின வண்டிக்கு ஆய்வாளர் என்ன பண்ணுவாரு தெரியுமா? டேங்க்ல சிவப்புப் பெயின்ட்டால ஒரு பெருக்கல் குறி. கழிவுன்னு அர்த்தம். அதுக்கப்புறம் ரோட்டுல உருட்டிட்டுப் போனாக்கூடப் பிடிச்சுக்குவாங்க."

அவள் மேசைமேல் இருந்த வாஷர்களை அளவு வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "ஒரு வழி இருக்கு. என் பட்டறைல, என் மேற்பார்வைல மீட்டதுன்னு எழுதிடலாம். செயலாளர் நான், என் கையெழுத்து இருந்தா கேள்வி வராது. நம்பர் வாங்கிடலாம். வண்டி உன்கிட்டயே இருக்கட்டும். பேரு மட்டும்தான் என்னோடது."

"பேரு மட்டும்."

"பேரு மட்டும்தாம்மா."

அவள் பிறந்ததிலிருந்து பேரம் கேட்டு வளர்ந்தவள். எதிராளி எந்தப் பொருளுக்குப் பக்கத்தில் 'மட்டும்' என்று சொல்கிறானோ, அந்தப் பெட்டியிலேயே விலை கூடின பொருள் அதுதான் என்று அவளுக்குத் தெரியும்.

"தகடு அறுத்ததுல எனக்கு ரெண்டு நகம் போச்சு. அதையும் உன் பேர்ல எழுதிக்கிறியா?"

"கோவத்துல பேசாத. யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சுட்டேன். கழிவுன்னு எழுதினாலும் என் பேர்ல எழுதட்டும்."

அண்ணன் வேட்டு வைத்தமாதிரி எழுந்தார். "அப்புறம் வந்து கண்ணக் கசக்காத" என்று படியிறங்கினார். அவர் தலை மறைந்ததும் லேத்துக்காரர் தெருவைத் தாண்டி வந்தார். எதிர்க்கடையிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்திருப்பார்.

"அக்கா, நம்ம சேஸிஸ்ல அப்பா நம்பர் இருக்கிறத சொன்னீங்களா?"

"அவரு மறந்தத நான் எதுக்கு ஞாபகப்படுத்தணும்?"

"அதைச் சொன்னா ஒரே அடில காரியம் முடிஞ்சிடுமே."

"கடைசிப் பெட்டிய மொதல்ல தெறக்கக் கூடாது. தெறக்காமலே வேலை முடிஞ்சா இன்னும் நல்லது."

ஞாயிற்றுக்கிழமை காலை சங்கத்தின் முற்றத்தில் இருபது வண்டிகள் வரிசையாக நின்றன. எல்லாம் முகம் தெரிகிற அளவுக்குப் பளபளப்பு. உரிமையாளர்கள் கையில் மெல்லிய துணி வைத்துக்கொண்டு, தூசு விழுமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளும் லேத்துக்காரரும் வண்டியை உருட்டிக்கொண்டு வந்து வரிசையின் கடைசியில் நிறுத்தினார்கள். பக்கத்து வண்டிக்காரரான கண் டாக்டர், பழைய வண்டி சேர்ப்பதில் பைத்தியம், தன் வண்டியை ஒரு அடி தள்ளி நிறுத்திக்கொண்டார். தொற்றிக்கொள்ளுமோ என்று பயந்திருப்பார்.

ஆய்வாளர் ஒல்லியானவர். நீளக் கம்பி நுனியில் ஒரு சிறு கண்ணாடி, ஒரு டார்ச், தோளில் ஒரு பை. வணக்கத்துக்குப் பதில் தலையாட்டல், கேள்விக்குப் பதில் இன்னொரு தலையாட்டல். ஒவ்வொரு வண்டிக்கும் குனிந்து எண் பார்த்து, பதிவேட்டைப் புரட்டி, கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்தார். பின்னாலேயே அண்ணன், செயலாளர் முகத்தோடு. அவருடைய வண்டி கம்பளத்தோடு வந்து முதல் இடத்தில் நின்றது. அதற்குப் போன வருடமே சிபாரிசும் பதிவும் ஆகிவிட்டன.

கடைசி வண்டிக்கு வந்தார். சேஸிஸின் கழுத்தில் எண்ணைப் படித்தார். என்ஜின் கூட்டில் படித்தார். பதிவேட்டைப் புரட்டியவர், புரட்டிய பக்கத்திலேயே நின்றார்.

"இந்த எண் ஏற்கெனவே ஒரு வண்டிக்கு இருக்கு."

அண்ணன் எட்டிப் பார்த்தார். எண்ணைப் பார்த்தார், அடுத்து தங்கையைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு கணம் என்ஜின் கூடு, வேன், எண்ணெய்க் காகிதம் எல்லாம் வரிசையாக வந்து போயின. அந்த இடத்தில் அவர் வாயை மூடியிருக்கலாம். மூடியிருந்தால் அவளும் மூடியிருப்பாள்.

"போலி, சார்" என்றார். "என் வண்டி நம்பரப் பார்த்துக் குத்தியிருக்காங்க. தங்கச்சிதான், இருந்தாலும் சட்டம் சட்டம்தானே."

ஆய்வாளர் பைக்குள் கையை விட்டுச் சிவப்புப் பெயின்ட் டப்பாவை எடுத்தார். மூடியைத் திறக்க ஒரு சாவியைத் தேடினார்.

"சார்" என்றாள் அவள். "அந்த மூடியத் தெறக்கிறதுக்கு முன்னாடி, உங்க கண்ணாடிய எங்கண்ணன் வண்டிக்கு அடியில ஒரு தடவை காட்டுங்க. சேஸிஸ் கழுத்துக்குக் கீழ. ஒரு பக்கம் மூணு புள்ளி இருக்கும். ஆய்த எழுத்து மாதிரி."

"எதுக்கு இதெல்லாம்?" என்றார் அண்ணன்.

ஆய்வாளர் ஏற்கெனவே நடக்க ஆரம்பித்துவிட்டார். கம்பளத்தில் முழங்கால் போட்டுக் குனிந்தார். முற்றம் முழுக்க அவருடைய டார்ச் போகிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இங்க இருக்கு" என்றார் அடியிலிருந்து. "என்ஜின் கூட்டுக்குக் கீழயும் இருக்கு. முன் ஹப். பின் ஹப். கியர்பாக்ஸ் மூடி அடிப்பக்கம்." எண்ணிக்கொண்டே போனார். பன்னிரண்டுக்கு மேல் அவரே விட்டுவிட்டார்.

"புள்ளி மட்டும்தான் சார் அதுல அசல்" என்றார் லேத்துக்காரர், யாரும் கேட்காமலே.

அவள் தன் சட்டைப் பையிலிருந்து பஞ்ச் ஆணியை எடுத்தாள். அது எப்போதும் அங்கேதான் இருக்கும். கீழே கிடந்த ஒரு தகரத் துண்டில் மூன்று குத்து வைத்து ஆய்வாளரிடம் நீட்டினாள். "என் கடை முத்திரை. புதுசா போற எல்லாத்துலயும் குத்துவோம். இந்த வண்டில புதுசா என்னென்ன போயிருக்குன்னு பார்த்துக்கங்க. பழசெல்லாம் என் மேசைல விட்டுட்டுப் போனது. அதுல ரெண்டுதான் அங்க நிக்குது, அப்பா காலத்து நம்பரோட."

ஆய்வாளர் தகரத்தையும் சேஸிஸையும் மாறிமாறிப் பார்த்தார். எழுந்து முழங்காலைத் தட்டினார். நெடுநாளைக்குப் பிறகு சுவாரசியமான வேலை கிடைத்தவர் முகம்.

"அப்போ அசல் எண் உங்க வண்டிதான்மா. இவருக்குக் குடுத்த பதிவை ரத்து பண்ணிட்டு உங்களுக்கு எழுதறேன். மீட்டதுன்னு. எண்ணைத் தானா குத்தினதுக்கு இவர்மேல வழக்கும் எழுதணும்."

அண்ணன் கம்பளத்தின் விளிம்பைக் காலால் சரிசெய்துகொண்டிருந்தார். கண் டாக்டர் அவசரமாக அவள் பக்கத்தில் வந்து காதோடு சொன்னார்: "எண் மாறாத சேஸிஸ், எண் மாறாத என்ஜின். மிச்சத்த நான் பார்த்துக்கறேன். ஒரு விலை சொல்லுங்க. நீங்க நினைச்சதவிட ரெண்டு மடங்கு நெனைச்சுச் சொல்லுங்க."

அவளுக்குக் காது கூசியது. வியாபாரத்தில் வளர்ந்த காதுக்கு அந்தப் பேச்சு இனிக்காமல் இருக்காது. அப்பா இருந்தால் டாக்டரை நாற்காலி போட்டு உட்காரவைத்திருப்பார். ஒரு நிமிடம் முன்புவரை வண்டியை ஒரு அடி தள்ளி நிறுத்திய மனுஷன்; வண்டி அதே வண்டிதான். நாலாவது தகடு அங்கேயே இருக்கிறது, ரொட்டிக்காரன் ஃபோர்க் அங்கேயே இருக்கிறது. இரண்டு இடத்தில் குத்தியிருக்கிற ஆறு இலக்கத்துக்குத்தான் இவ்வளவு மரியாதை.

"சார், மீட்டதுன்னு எழுதாதீங்க" என்றாள்.

"ஏம்மா?"

"மீட்கிறதுன்னா அடகுக் கடைலேர்ந்து மீட்கிறது. நான் எதையும் மீட்கல. பதினோரு வண்டி செத்தப்புறம் ஒரு வண்டி கட்டினேன். கட்டினதுன்னு எழுத ஒரு படிவம் இருக்கணுமே. உங்க பைல தேடுங்க."

ஆய்வாளர் அவளை வினோதமாகப் பார்த்தார். பையின் அடியில் கையை விட்டு, மடிப்பு பழுத்துப்போன ஒரு படிவத்தை எடுத்தார். 'உதிரிபாகங்களால் கட்டப்பட்டது' என்று மேலே அச்சடித்திருந்தது. முற்றத்திலிருந்தவர்கள் அப்படி ஒரு படிவம் இருப்பதையே அன்றுதான் பார்த்தார்கள். முன்பே தெரிந்த அண்ணனைத் தவிர. அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை யாரும் கேக்கறதில்லம்மா. இதுல எழுதினா வண்டிக்கு விலை கால்வாசிதான். இன்னொண்ணு, பழைய எண்ணை அடிச்சுட்டுப் புது எண் குத்தணும். பிரேக் பார்க்கணும். அடிச்ச எண் திரும்ப வராது."

"வர வேணாம். உளியக் குடுங்க."

"அவசரப்படாதீங்க, அவசரப்படாதீங்க" என்று கண் டாக்டர் கையை நீட்டினார். ஏதோ அறுவை சிகிச்சையில் கண்ணைத் தவற விட்டவர் மாதிரி இருந்தது அவர் குரல்.

அவள் உளியைச் சேஸிஸின் கழுத்தில் வைத்தாள். அப்பாவின் வண்டி எண், சின்ன வயதில் விலாசத்தைப்போல மனப்பாடம். முதல் அடி விழுந்தபோது இருபது பேரும் ஒருசேர மூச்சை இழுத்துக்கொண்டார்கள். அவள் நிறுத்தவில்லை. ஆறு இலக்கத்துக்கு ஆறு அடி. என்ஜின் கூட்டுக்கும் ஆறு. ஆய்வாளர் பதிவேட்டிலிருந்து புது எண் சொல்ல, அவருடைய எண் அச்சை வைத்து அவளே குத்தினாள். கடைசி இலக்கம் கொஞ்சம் சாய்ந்துவிட்டது. அதற்குப் பக்கத்தில், தன் பஞ்ச் ஆணியால், டிக், டிக், டிக்.

"அது எதுக்கு?" என்றார் ஆய்வாளர்.

"என் கடைலேர்ந்து வெளிய போற சரக்கு, சார். வழக்கம்."

மூன்றாவது உதையில் வண்டி கிளம்பியது. முற்றத்தின் அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பி, பிரேக் பார்க்க ஆய்வாளர் போட்ட சுண்ணாம்புக் கோட்டை நோக்கி வேகமாக வந்தாள். செயலாளர் உட்பட எல்லாரும் இரண்டடி பின்னால் போனார்கள். கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. ஆய்வாளர் குனிந்து சாணை அளந்தார், தலையாட்டினார். படிவத்தில் 'கட்டியவர்' என்ற இடத்தில் அவள் தன் முழுப்பெயரை எழுதினாள். பெட்டிக்குள் அடங்கவில்லை, மிச்சத்தை ஓரத்தில் எழுதினாள்.

"இன்னொரு படிவம் இருக்கா, சார்?" என்று கேட்டாள்.

"இருக்கு. எதுக்கு?"

"எங்கண்ணனுக்கு. அவரும் கட்டினதுதான், மீட்டதுன்னு சொல்லிட்டாரு. இதுல உண்மைய எழுதிக் குடுத்துட்டா வழக்கு வேணாமே. ரெண்டு படிவம் ஒரே குடும்பத்துக்குப் போகுது, ஏதாவது சலுகை பார்த்துப் பண்ணுங்க."

ஆய்வாளர் சிரிப்பதா வேண்டாமா என்று யோசித்தார். "அவர் இப்பவே எழுதினா நான் வழக்கை எழுதல" என்று படிவத்தை எடுத்துச் செயலாளர் மேசைமேல் வைத்தார்.

அண்ணன் அதைத் தொடவில்லை. "அப்பா நம்பர்" என்றார், யாருக்கும் கேட்காத குரலில். "அப்பா நம்பரை உளியால அடிச்சிட்டியே."

"அப்பா நம்பர் உன்கிட்டதான் அழகா குத்தியிருந்துச்சே, அண்ணே. கம்பளத்துமேல." அவள் வண்டியிலிருந்தபடியே கையை நீட்டி, படிவத்துக்குப் பக்கத்தில் உளியை வைத்தாள். "ஒரே நம்பர், நீயே அடிச்சுக்கோ. கை நடுங்கினா லேத்துக்காரரக் கூப்பிடு. கட்டினவர்னு பேரு எழுத எடம் கொஞ்சம் பத்தாது, பார்த்து எழுது."

அவர் பேனாவை எடுத்தாரா, உளியை எடுத்தாரா என்று அவள் நின்று பார்க்கவில்லை. கைப்பிடியைத் திருகினாள். பதினோரு வண்டிகளும் ஒரே குரலில் பதில் சொன்னதைக் கேட்டுக் கண் டாக்டர் இன்னொரு அடி தள்ளி நின்றார்.